அவுன்ஸ் டிரசரும் ஒன்பது தென்னைமரங்களும்

மலாயாவின் கெடா மாநிலத்தில் கண்ணீரைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் ஆறுதல் சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் அவுன்ஸ் டிரசர். பாடாங் மேஹா பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் அவர்தான், தாதியும் அவர்தான், கதவைப் பூட்டுகிறவரும் அவர்தான். தேநீர் நான்கு அவுன்ஸ், ரசம் மூன்று அவுன்ஸ் என்று மருந்துக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துத்தான் குடிப்பார். வேறு யாராவது அளக்காமல் ஊற்றிக் கொடுத்தால் அதை நாகரிகமில்லாத செயல் என்று நினைப்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் அந்தத் தோட்டத்தின் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆளைக் கணக்கெடுப்பது என் வேலை. வயது இருபத்து நான்கு. கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. அந்தக் கையெழுத்துதான் என்னைக் குடிகாரனாக்கியது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று முதல் உத்தரவு வந்தபோது ஆட்களை மேய்க்கும் தண்டல் பேர் சொன்னார், நான் எழுதினேன். எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தார். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பி என் தம்பி முன்னால் வந்து நின்றான். அவன் பேரையும் அதே அழகான கையெழுத்தில் எழுதினேன். ஆறு மாதம் போயிற்று. ஒரு கடுதாசிகூட வரவில்லை. அதற்குள் நான் கள்ளுக்கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிற ஆளாகிவிட்டேன்.

தோட்டத்தில் குடிகாரனுக்கு அப்போது ஒரே வைத்தியம்தான் இருந்தது. சின்னக்கண்ணு என்ற பால்வெட்டுக்காரரை, அடைத்துப் போட்டால் புத்தி வரும் என்று தண்டல் சாமான் கொட்டகையில் பூட்டினார். இரண்டாம் நாள் சுவரில் பாம்பு ஊர்கிறது என்று சின்னக்கண்ணு அலறினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து செத்துப்போனார். குடிதான் ஆளைக் கொன்றது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவுன்ஸ் மட்டும் பிணத்தருகில் நின்றுகொண்டு, "குடி கொல்லல. படக்குனு நிறுத்துனீங்க பாரு, அதான் கொன்னுச்சு" என்றார். தண்டல் காதில் விழாத மாதிரி நடந்து போனார்.

அடுத்த லாரி இரண்டு வாரத்தில் வருகிறது, பன்னிரண்டு பேர் வேண்டும் என்று கூலிம் டவுனிலிருந்து செய்தி வந்தது. தண்டலின் மருமகனுக்கு என் மேசைமேல் ரொம்ப நாளாகக் கண். "குடிகாரப் பய போனா யாரு அழப்போறா?" என்று தண்டல் பெரட்டிலேயே சொன்னார். அன்று பேர் கூப்பிடும்போது என் கையிலிருந்த புத்தகம் கோழி மாதிரி சிறகடித்தது. பார்த்துக்கொண்டிருந்த அவுன்ஸ் என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது.

"காலைல மொத வாய் எப்போ?"

"விடியறதுக்கு முந்தி ஐயா."

"நிறுத்தணும்னு எத்தன தடவ நெனச்ச?"

"தெனமும்."

"உங்கப்பா?"

"குடிச்சுத்தான் செத்தாரு."

"ம். அதுவும் இருக்கு. கள்ளுக்கடையக் கட்டிக் குடுத்தது தோட்டம், அதுவும் இருக்கு. நீ எப்போ ஆரம்பிச்ச?"

"தம்பி போன அன்னிக்கு."

"பேர எழுதினது யாரு?"

நான் கீழே விழுந்த தாளையே பார்த்தேன். அவர் அதைக் குனிந்து எடுத்தார். "நீ ருசிக்குக் குடிக்கல தம்பி. மருந்தா குடிக்கிற. மருந்தும் தப்பு, அளவும் தப்பு. இது சீக்கு. வைத்தியம் இருக்கு."

வைத்தியம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். கள்தான். காலைக் கள்ளை மருந்து பாட்டிலில் ஊற்றி, அளவுக்குக் கோடு வெட்டிய தாளை ஒட்டி, என்னைக் கட்டிலில் படுக்க வைத்து அவரே மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்தார். முதல் நாள் ஆறு வேளையாக அறுபது அவுன்ஸ். மறுநாள் ஐம்பத்தைந்து. தினம் ஐந்து குறையும். பன்னிரண்டு நாளில் அறுபதும் தீர்ந்துவிடும், லாரி வருவதற்குள் கை நிற்கும். ஆஸ்பத்திரியில் கள்ளு விற்கிறார்கள் என்று கூலி வீடுகள் இருந்த லயம் முழுக்கப் பேச்சு. திடீரென்று எட்டுப் பேருக்கு வயிற்றுவலி வந்தது. எட்டுப் பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினார்.

நாலாம் நாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் வேர்த்து, பல் தந்தியடித்தது.

"ஒரு அவுன்ஸ் ஐயா."

"முடியாது."

"அர அவுன்ஸ்."

"முடியாது."

"கால் அவுன்சாவது குடுங்க."

"அம்புட்டு சின்ன அளவு என்கிட்ட இல்ல" என்றார். ஆனால் அன்று முழுக்க என் கட்டில் ஓரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. என் தலையைத் துடைத்துக்கொண்டு, எதற்கு எத்தனை அவுன்ஸ் என்று தன் மருந்துகளையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே இருந்தார். அதைவிடச் சலிப்பான பேச்சை நான் கேட்டதில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாளைக் கடந்தேன்.

இரண்டு வாரத்தில் வருவதாகச் சொன்ன லாரி ஏழாம் நாள் காலையிலேயே வந்துவிட்டது.

எல்லோரையும் பெரட்டில் நிறுத்தினார்கள். லாரியிலிருந்து ஜப்பான்கார அதிகாரி ஒருவர் இறங்கினார். இடுப்பில் நீண்ட வாள், கையில் உத்தரவு. தண்டல் பன்னிரண்டு பேரை ஒதுக்கி நிறுத்தினார். பன்னிரண்டாவது ஆள் நான். பேர் எழுதுகிற கிராணி நான்தான் என்று யாரோ சொல்ல, அதிகாரி பென்சிலை நீட்டினார். எழுத முடிந்தால் கிராணி வேலை, முடியாவிட்டால் லாரி. அவ்வளவுதான் பேச்சு. பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என் தம்பியோடு கூடப் படித்தவர்கள். நான் இன்னும் முப்பது அவுன்ஸில் இருந்தேன். பென்சில் தாளில் பட்டதும் துள்ளியது.

அவுன்ஸ் என் கையைப் பார்க்கவில்லை. அதிகாரியின் கையிலிருந்த உத்தரவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றே இல்லாத காலை. அந்தத் தாள் சலசலவென்று ஆடிக்கொண்டிருந்தது.

விறுவிறுவென்று முன்னால் போய், "துவான், தாங்ஙான் சாக்கிட்" என்றார். துரையே, உங்கள் கைக்கு நோய் என்று மலாயில் சொல்கிறார், அதுவும் வாள் வைத்திருக்கிறவரிடம். அறை விழுந்த சத்தம் லயம் வரை கேட்டிருக்கும். அவருடைய மூக்குக்கண்ணாடி மண்ணில் விழுந்தது. அவுன்ஸ் அதைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, காலையில் எழுந்ததும் குடிப்பீர்களா என்று கேட்டார். அடுத்தது வாள்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது இருவரும் ஆஸ்பத்திரிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் வெயிலில் நின்றோம். ஒருத்தர் நின்றபடியே அழுதார். அவுன்ஸ் தனியாக வெளியே வந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"துவானுக்கு வைத்தியம். இன்னிக்கே ஆரம்பம். தெனமும் புதுக் கள்ளு வேணும். மரம் ஏற ஆளு வேணும். இந்தப் பன்னெண்டு பேரும் எனக்கு வேணும்னு சொல்லிட்டேன், சரின்னுட்டாரு."

"நமக்கு இருக்கறதே ஒம்போது தென்னமரம். அதுக்குப் பன்னெண்டு பேரா?" என்றார் தண்டல்.

"மூணு பேரு கீழ நின்னு புடிக்கணும்லா."

அவுன்ஸ் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு அதிகாரி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட, லாரி மட்டும் காலியாகத் திரும்பியது. எங்கள் பன்னிரண்டு பேரில் தென்னை ஏறத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ரப்பர் மரத்தைக் கீழே நின்றே வெட்டிப் பழகியவர்கள். அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் ஒன்பது பேர் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆள் உயரத்தில் தொங்குவோம். கள் வழக்கம்போல் கள்ளுக்கடையிலிருந்துதான் வந்தது. என் பாட்டிலும் அதிகாரியின் பாட்டிலும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் முதலில் முடித்தேன். அவர் கொஞ்சம் தாமதம்.

அதிகாரிக்கு நன்றாகவே குணமானது. அதுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, சயாமுக்கு மாறிப்போயிருந்த அவரிடமிருந்து உத்தரவு வந்தது. இந்த முறை கூலி ஆள் கேட்கவில்லை. ரயில் பாதைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஒரே ஓர் ஆள் வேண்டும், அந்த டிரசர்தான் வேண்டும் என்றிருந்தது.

நான்தான் எழுத வேண்டும். அவருடைய உண்மையான பேரை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை எழுதியதே போதும். பென்சிலை எடுத்தபோது என் கை நடுங்கியது. கள்ளைத் தொட்டுப் பத்து வாரம் ஆகியிருந்தது.

அவுன்ஸ் குனிந்து பார்த்தார். விரல்மேல் வைக்கத் தாள் கேட்கவில்லை. என் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது வேற தம்பி. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. எழுது."

எழுதினேன். லாரியில் ஏறும்போது, "அங்க உன் தம்பியப் பாத்தா சொல்றேன்" என்றார். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அவரும் திரும்பவில்லை, தம்பியும் திரும்பவில்லை. நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. இது என் மன உறுதி என்று ஊரில் புகழ்கிறார்கள். உறுதியும் இல்லை, ஒன்றும் இல்லை. என்றைக்காவது அந்த மனுஷன் வந்து வாசலில் நின்று கையை நீட்டச் சொன்னால் நான் நடுங்காமல் நீட்ட வேண்டுமே.