மேற்படி குளத்தை மூடுவது தொடர்பாக

பெருமாநல்லூர் போகும் வழியில் ஒரு வீதி. அங்கே கிட்டுசாமியின் வீட்டுக்கு நேராக ரோட்டில் ஒரு குழி விழுந்தது. குழி விழுவது நடைமுறைக்கு உட்பட்டதுதான். ஆனால் அடியில் சாயத்தண்ணீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் சேர்ந்தே உடைந்திருந்தன. பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் கழித்துப் போடுகிற செக்கிங் யூனிட்காரர் கிட்டுசாமி. சொந்த வீட்டுக் குழாயில் திங்கட்கிழமை ரோஸ், செவ்வாய்க்கிழமை ஊதா என்று தண்ணீர் வந்தால் வயிறு எரியாதா?

புகார் கொடுத்தார். பதில் வருவதற்குள் காலேஜ் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கலர்த் தண்ணீர் தளும்பிய குழியோரம் நின்று படம் எடுத்து, 'வண்ணக்குளம்' என்று பெயர் வைத்து, மேப்பிலும் ஏற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் மிளகாய் பஜ்ஜி போட ஆரம்பித்தாள்.

கிட்டுசாமி ரோஸ் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

"ஏனுங்க சார், இது நாங்க குடிக்கற தண்ணிங்க. அந்தக் குழிய மூடித் தாங்க."

பொறியாளர் பெரியகருப்பன் மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

"எந்தக் குழிண்ணே? மேப்புல அங்கன குளம்ல இருக்கு. நாலரை நட்சத்திரம் வேற. நீர்நிலைய மூடுனா என் வேலை போயிரும்ணே."

"அது ரோடுங்க!"

"ரோடுன்னா ஒரு போட்டோ காட்டுங்க."

காட்ட முடியவில்லை. அந்த இடத்தில் எடுத்த அத்தனை படத்திலும் குளம்தான் இருந்தது.

அடுத்த வாரமே நீர்நிலைப் பாதுகாப்பு நிதியில் கம்பி வேலியும் செல்பி மேடையும் வந்து சேர்ந்தன. கிட்டுசாமி விடவில்லை. மேலிடம் வரை மனுமேல் மனுவாகப் போட்டார். எந்த மனு பலித்ததோ, ஒருநாள் ஜல்லி லாரியோடு பெரியகருப்பனே வந்து இறங்கினார்.

"ஜெயிச்சுட்டீங்கண்ணே. இப்பவே மூடிருவோம்."

கிட்டுசாமி ஓடிவந்து லாரிக்கு முன்னால் கை விரித்து நின்றார்.

"நிறுத்துங்க சார்!"

முந்தின நாள்தான் மகள் அனுப்ரியாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறொன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் மட்டும் வண்ணக்குளத்தில்தான் நடக்க வேண்டுமாம்.

"ஆவணி வரைக்கும் உட்டுருங்க சார்."

"அப்ப குடிக்கிற தண்ணி?"

"கேன் வாங்கிக்கறமுங்க." சட்டைப்பையிலிருந்து துணிச்சாய நிறங்கள் வரிசையாக ஒட்டிய ஷேடு கார்டை எடுத்து, பீச் பழ நிறத்தின் மேல் விரல் வைத்தார். "ஷூட்டு அன்னிக்கு இந்தக் கலரு வரணுமுங்க. பொண்ணோட சேலை இதுதானுங்க. சாயப்பட்டறைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லீருங்க."

'பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று' என்று குறித்துக்கொண்டு, பெரியகருப்பன் லாரியைத் திருப்பினார்.

ஷூட் அன்று காலை அனுப்ரியா முகம் கழுவக் குழாயைத் திறந்தாள்.

"அப்படியே சேலைக் கலரு வந்துருச்சு கண்ணு!" என்று பூரித்துப்போன கிட்டுசாமி, முதல் படத்தைக் குழாயடியிலேயே எடுத்துப் போட்டார். வீதி முழுக்க லைக் போட்டது. எல்லார் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது.