என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு விட்ட நாள்

நாற்பத்தோரு வயது வரைக்கும் நான் ரொம்பப் பொறுமைசாலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது இல்லையென்று சொன்னால், அவர் ஒப்புக்கொள்ளும் வரை கத்துவேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு மேனேஜர் நான். ஃபேக்டரி மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். என் மனைவி வசந்தி, வேலூரிலிருக்கும் அவள் அண்ணன்மார் மூன்று பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் எம்.டி. கூப்பிட்டார். பெரிய பதவிக்கு வருகிறவர்களுக்கு இனி கோச்சிங் உண்டாம். பெங்களூரிலிருந்து ஒரு கோச் வருவார், அவர் சரி என்றால்தான் நாற்காலி.

"கோச்சா? இந்தத் தொப்பைய வெச்சுக்கினு இன்னா வெளையாடப் போறீங்க?" என்றாள் வசந்தி.

கோச் ஒல்லியாக, என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். (சர்ச்சுக்குள்கூட இவ்வளவு அமைதி இருக்காது.) அந்த அமைதி தாங்காமல் நான் பேசிக்கொண்டே போவேன். முதல் நாள், "மத்தவங்க பேசறத நீங்க எந்த அளவுக்கு..." என்று அவர் இழுக்கும்போதே, "பத்துக்குப் பத்து சார்" என்றேன். அவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். மார்க் போடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது சந்திப்பில் சொன்னார்: "உங்க ஆளுங்க உங்கள எப்படிப் பாக்கறாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க. எப்படிக் கேக்கறதுன்னு வழிய நீங்களே கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தேன். எங்கள் பிரிவில் ஷூவைச் சோதிக்கிறவர்கள், பசை வழிந்திருந்தாலும் தையல் பிசகியிருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். தப்பு இருக்கிற இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த ஷூவை எடுப்பார்கள். அம்பு வாங்கிய ஷூ, சரிசெய்வதற்காக ரீவொர்க் மேஜைக்குப் போகும். ஆளுக்கும் அதே வழிதான் என்று தீர்மானித்து, ஒரு ரோல் ஸ்டிக்கரைச் சோதனைப் பிரிவு சூப்பர்வைசர் ஸ்டெல்லாவிடம் நீட்டினேன்.

"நாளைக்கு நானும் ஒரு ஷூ. எங்கிட்ட தப்பு இருந்தா ஒட்டுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிடு."

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்? தைரியமா சொல்லும்மா. நான் கேக்கறவன்."

"இல்ல சார், ஸ்டிக்கர்..."

"இதான் உங்ககிட்ட பிரச்சின. வாயத் தொறந்து பேசவே மாட்டீங்க."

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சிவப்பு நன்றாகத் தெரியட்டுமே. மத்தியானம் வரை குனிந்து குனிந்து பார்த்தேன், நெஞ்சில் ஒன்றுகூட இல்லை. அதோடு, அன்றைக்கு எல்லோருக்கும் என்மேல் தனிப் பிரியம். பாலிஷ் போடும் இடத்தில் எப்போதும் தோல் தூசி பறக்கும். "சார், முதுகுல தூசி" என்று ஒருவர் தட்டிவிட்டார். கொஞ்ச தூரத்தில் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஜனங்களையா போன வாரம் தண்டங்கள் என்று திட்டினோம்?

நாலு மணிக்கு எம்.டி. அறையில் மீட்டிங். கோச்சும் இருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"காலையிலேருந்து சான்ஸ் குடுத்துட்டேன் சார். ஒரு ஸ்டிக்கர் இல்ல, பாருங்க."

என் நிர்வாக முறையைப் படம் போட்டு விளக்கப் போர்டு பக்கம் திரும்பினேன். அறை அமைதியானது. அசந்துவிட்டார்கள் என்று நினைத்து ஐந்து நிமிடம் பேசினேன்.

"ஜெயசீலன்," என்றார் எம்.டி., "அப்படியே நில்லுப்பா. திரும்பாத."

கோச் எழுந்து வந்து, "உங்க பர்மிஷனோட" என்று எண்ண ஆரம்பித்தார். இருபத்து மூன்று. முக்கால்வாசி அம்பு மேல்நோக்கி, என் வாய் இருக்கும் திசையில் போனதாம். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்டிக்கரில் பால்பென்னால் பொடியாக எழுதியிருந்தது: 'லீவு இல்லன்னீங்க, எதுக்குன்னு கேக்கவே இல்ல.'

அதைப் படித்துவிட்டு, போர்டில் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தேன். கோச் முதல்முறையாகச் சிரித்தார்.

"நம்ம மட்டமான லாட்டுக்குக்கூட இவ்ளோ ஜாஸ்தி ஒட்டினதில்ல" என்றார் எம்.டி.

"ரிஜெக்டா சார்?"

"சேச்சே. ரீவொர்க்."

நாற்காலி மேல்விஷாரத்துக்காரர் ஒருவருக்குப் போனது. வசந்தி மூன்று அண்ணன்மாருக்கும் மறுபடி போன் போட்டாள். (இந்தத் தடவை ரொம்ப நேரம் பேசினாள்.)

மீட்டிங்குக்கு மறுநாளே ஸ்டெல்லாவிடம் யார் ஒட்டியது என்று கேட்டிருந்தேன். "ஒட்டினவங்க பேர எழுதற வழக்கம் இங்க இல்லியே சார்" என்றாள். கோபம் வந்தது. விழுங்கினேன்.

"சரி, முந்தாநாள் என்னமோ சொல்ல வந்தியே?"

நான் முழுசாகக் கேட்கப் போகிறேனா என்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு ரோல் ஸ்டிக்கர் பத்தாதுன்னு சொல்ல வந்தேன் சார்."

ரீவொர்க் இரண்டு வருஷம் ஆனது. அப்புறம்தான் அந்த நாற்காலி கிடைத்தது.

போன வருஷம் வேலூரில் என் மகள் கல்யாணம். சர்ச்சில் அவள் கையைப் பிடித்து, பாதிரியார் நிற்கும் ஆல்டர் வரைக்கும் நான் கூட்டிக்கொண்டு போகிற காட்சியை வீடியோக்காரர் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார். புதுக் கோட்டின் முதுகில், நட்டநடுவில், ஒரு சிவப்பு அம்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் வசந்தி வீடியோவை அந்த இடத்தில்தான் நிறுத்துகிறாள். யார் ஒட்டியது என்று மாப்பிள்ளை வீட்டார் இன்னும் விசாரிக்கிறார்கள்.

எனக்கு விசாரணை தேவைப்படவில்லை. சர்ச் வாசலில் ஸ்டெல்லா வந்து, "சார், கோட்டுல தூசி" என்றபோது, தட்டிவிட வசதியாக முதுகைத் திருப்பிக் காட்டியதே நான்தான்.