கிராம்காரர்

கிராம்காரர் என்று ஓர் இனம் உண்டு. பின்லாந்தில் கோடைக்காலத்தில் எந்த ஊர்க் காட்டுக்குள் நுழைந்தாலும் ஒருவராவது அகப்படுவார். பிர்ச் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி, சந்தையில் பப்பாளி வாங்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். கொசு காதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அவருக்கு உறைக்காது. பக்கத்தில் போய் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் சாயங்காலம் போயிற்று. அந்த ஊர்க் கோடையில் சாயங்காலம் என்பது பதினொரு மணிவரைக்கும் நீளும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆட்டம் என்னவோ சுலபம்தான். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். காட்டுக்குள் பதினெட்டு இடங்களில் கம்பத்தில் இரும்புக் கூடை மாட்டியிருக்கும், அதற்கு மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டை வீசிக்கொண்டே போய்க் கூடையில் விழவைக்க வேண்டும், குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தவர். தூரத்துக்கு ஒரு தட்டு, கிட்டத்தில் நின்று கூடைக்குள் போடுவதற்கென்று வேறொரு தட்டு. இந்தக் கூடைத் தட்டு நூற்று எழுபத்தைந்து கிராமை ஒட்டி இருக்கும். கனமானது காற்றில் அவ்வளவாக ஆடாது. லேசானது கையிலிருந்து சிரமமில்லாமல் போகும். விஷயம் இவ்வளவுதான். சாதாரண மனிதன் கடைக்குப் போய், இரண்டைக் கையில் பிடித்துப் பார்த்து, மனசுக்குப் பிடித்த நிறத்தில் ஒன்றை வாங்கி வந்து, பத்து வருஷம் அதையே வீசுவான். கிராம்காரர் என்ன, சாதாரண மனிதரா?

கோய்வுலம்பி என்ற ஏரிக்கரை ஊரில் தைஸ்தோ என்று ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. வீடு வீடாகப் போய் வெந்நீர்க் குழாய் பழுது பார்க்கிற வேலை. வேலையில் சூரர். ஜனவரிக் குளிரில் யார் வீட்டுக் குழாய் வெடித்தாலும் தைஸ்தோவைத்தான் கூப்பிடுவார்கள். பெட்டியைத் திறப்பார், கைக்கு வந்த ஸ்பானரை எடுப்பார், பத்து நிமிஷத்தில் ஒழுகல் நிற்கும். இந்த ஸ்பானரா அந்த ஸ்பானரா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அதே மனிதரிடம் முப்பத்தொரு கூடைத் தட்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வார்ப்பு, ஒரே பிளாஸ்டிக். எடையில்தான் வித்தியாசம். ஒவ்வொரு தட்டின் அடியிலும் தொழிற்சாலைக்காரன் எடையை எழுதித்தான் அனுப்புகிறான். தைஸ்தோ நம்புவாரா? சமையலறைத் தராசில் மூன்று முறை நிறுத்து, சராசரி எடுத்து, வெள்ளைப் பட்டை ஒட்டி, தசமப் புள்ளியோடு எழுதுவார். அந்தத் தராசு, அவர் மனைவி மர்யானா ஏலக்காய் பன்னுக்கு மாவு நிறுக்க ஆசைப்பட்டு வாங்கியது. அவள் இப்போது மாவைக் கைக்கணக்கில்தான் போடுகிறாள். பன் முன்னைவிட நன்றாக வருவதாக ஊரில் பேச்சு.

சித்தாந்தத்துக்கும் குறைவில்லை. காற்றடித்தால் நூற்று எழுபத்தைந்து. காற்று ஓய்ந்தால் நூற்று எழுபது. மழை பெய்தால் தட்டில் ஒட்டுகிற தண்ணீரே ஒரு கிராம் என்பதால் நூற்று எழுபத்து நான்கு. செப்டம்பரில் விரல் மரத்துப் போகும், அதற்கு நூற்று அறுபத்தெட்டு. முதல் நாள் குழாய்க்குழி தோண்டித் தோள் வலித்தால் அதற்குத் தனிக் கணக்கு. ஒருமுறை நீராவிக் குளியல் அறையின் படியில் நான்கு தட்டுகளை அடுக்கி அரைமணி நேரம் வேகவைத்தார், சூட்டில் எடை மாறுகிறதா பார்க்க. குளிக்க வந்த மச்சான், தட்டுகள் எழுந்திருக்கட்டும் என்று துண்டோடு வெளியே நின்றான். எடை மாறவில்லை. அதனால் என்ன? தராசுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கையையும் மர்யானா ஒருநாள் சோதித்துவிட்டாள். கண்ணைக் கட்டி உட்காரவைத்து, ஒரு தட்டைக் கொடுத்தாள், வாங்கினாள், மறுபடி கொடுத்தாள். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் தியானம் செய்துவிட்டு, முதலில் கொடுத்தது மூன்று கிராம் கூடுதல் என்றார்.

"ரெண்டும் ஒரே தட்டுதான், தைஸ்தோ."

"அப்படின்னா ரெண்டாவது வாட்டி நீ குடுத்த விதம் லேசா இருந்திருக்கு."

எழுபது வயது நீதிபதிகூட இப்படிக் கூசாமல் தீர்ப்பு மாற்ற மாட்டார்.

தன்னளவில் நின்றால் போகட்டும் என்று விடலாம். கிராம்காரர் நிற்பாரா? பல் வைத்தியசாலையில் வேலை செய்கிற சிர்க்கு என்பவள், மங்கிப் போன ஆரஞ்சுத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாக ஆடுகிறாள். ஐந்து மீட்டர், ஏழு மீட்டர் எல்லாம் அவளுக்குக் கையில் இருப்பதைக் குப்பைத் தொட்டியில் போடுகிற மாதிரி. அவளிடம் போய், அது எத்தனை கிராம் என்று தைஸ்தோ கேட்டார்.

"தட்டு எத்தனை கிராம் இருக்குமோ அத்தனை கிராம்."

அவர் விடவில்லை. அதை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்து, உன் மணிக்கட்டுக்கு இது அதிகம், உன்னை இது உள்ளுக்குள் கெடுத்துக்கொண்டிருக்கிறது, தெரியாமல் ஆடுகிறாய் என்று பத்து நிமிஷம் விளக்கினார். சிர்க்கு பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தட்டைத் திரும்ப வாங்கி, ஒன்பது மீட்டரிலிருந்து கூடைக்குள் போட்டாள். அதிர்ஷ்டக்காரி என்று தைஸ்தோ எல்லோரிடமும் சொன்னார்.

இப்போது அவருடைய வேதனையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. ஆகஸ்ட் மாதம் பக்கத்து ஊர்களோடு போட்டி உண்டு. கோய்வுலம்பி மன்றத்திலிருந்து நான்கு பேர் போவார்கள். முதுகில் பெயர் அச்சடித்த மஞ்சள் சட்டை நாலே நாலு. புதன்கிழமைப் பந்தயங்களில் கோடை முழுக்க ஆடிய கணக்கை வைத்து ஆளெடுப்பார்கள். தைஸ்தோ ஏழு வருஷமாக ஐந்தாவது. ஐந்தாவது ஆளும் பஸ்ஸில் போகலாம். போய், அடுப்பு மூட்டி, மற்ற நால்வருக்கும் சாசேஜ் வாட்டிக் கொடுக்கலாம். ஏழு கோடையாக இடுக்கியும் கையுமாக நின்று, நன்றாகச் சிவந்ததா என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறியிருக்கிறார் மனிதர். அந்த மஞ்சள் சட்டையின் மேல் அவருக்கு இருந்த ஆசையை வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா என்ன?

இந்த வருஷம் கடைசிப் புதன்கிழமை வந்தபோது, நான்காவது இடத்துக்கு அவரும் சிர்க்குவும் சரிசமம். அன்றைக்கு யார் குறைந்த வீச்சில் முடிக்கிறார்களோ அவருக்குச் சட்டை. இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். கூட மூன்றாவது ஆளாக ஹன்னெஸ், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு நான்கு வாக்கியம் பேசுவார், அதில் இரண்டு வானிலை பற்றியது.

விதி ஒன்று உண்டு. தட்டு விழுந்த இடத்துக்கு வந்து முறை கிடைத்தபின் முப்பது வினாடிக்குள் வீசிவிட வேண்டும். முதல் தடவை தாண்டினால் எச்சரிக்கை, அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வீச்சுத் தண்டம். தைஸ்தோ ஏழு வருஷமாகத் தாண்டிக்கொண்டுதான் இருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவரைச் சங்கடப்படுத்துவதைவிடக் கொசுக்கடியில் நிற்கலாம் என்று நினைக்கிற சனங்கள். ஆனால் இன்றைக்குச் சட்டைக்கான ஆட்டம். பதினோராவது கூடையில் அவர் மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி எடுத்தபோது, ஹன்னெஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, செருமி, எச்சரிக்கை என்று ஒரே சொல் சொன்னார். சொன்னவருக்குத்தான் முகம் சிவந்தது.

பதினெட்டாவது கூடைக்கு வரும்வரை தைஸ்தோவும் சிர்க்குவும் சமம். அங்கே சிர்க்கு ஒரு மரத்தில் அடித்து, தடுமாறி, நான்கு வீச்சில் முடித்தாள். தைஸ்தோ இரண்டே வீச்சில் கூடையிலிருந்து ஐந்து மீட்டருக்கு வந்துவிட்டார். ஐந்தே மீட்டர். போட்டால் மூன்று. போட்டால் சட்டை. ஏரிப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்தது, வந்து நின்றது.

அந்தக் காற்றைத்தான் சொல்ல வேண்டும்.

நூற்று எழுபத்தைந்தை எடுத்தார். காற்று நின்றுவிட்டதே என்று வைத்தார். நூற்று எழுபதை எடுத்தார். மறுபடி அடித்தால்? வைத்தார். நூற்று எழுபத்திரண்டை எடுத்து, ஏந்தி, கண்ணை மூடினார். ஹன்னெஸின் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பது," என்றார் ஹன்னெஸ். "ஒரு தண்டம், தைஸ்தோ. மன்னிச்சுக்க."

இனி போட்டால் நான்கு. சிர்க்குவோடு சமம், இன்னொரு கூடை ஆடித் தீர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் மோசமில்லை. கையில் தட்டு இருக்கிறது, எதிரே கூடை இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வீசியிருப்பார்கள். கிராம்காரர் என்ன செய்தார் தெரியுமா? பைக்குத் திரும்பினார். ஜெயிப்பதற்காகப் போடும்போது இருந்த கை வேறு, தப்பிப்பதற்காகப் போடும்போது இருக்கிற கை வேறு, படபடப்பில் கை கனக்கும், ஆகவே லேசான தட்டுதான் சரி என்று அவருக்குப் பட்டுவிட்டது. நூற்று அறுபத்தொன்பதைத் தேடினார். அது அடியில் கிடந்தது.

எதிராளி சிர்க்குவாலேயே பொறுக்க முடியவில்லை.

"போடு, தைஸ்தோ. எதுவானாலும் சரி, போட்டுரு."

அவளுக்கு அந்தச் சட்டை வேண்டாமா? வேண்டும். ஆனாலும் ஒரு மனிதன் தன் கண் முன்னாலேயே தன்னைக் கவிழ்த்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க எல்லோருக்கும் மனசு வருமா? தைஸ்தோ அறுபத்தொன்பதைக் கண்டுபிடித்து, அதைத் துணியால் துடைத்து, ஏரியைப் பார்த்து, அதை வைத்துவிட்டு மறுபடி எழுபத்திரண்டை எடுத்தபோது ஹன்னெஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொண்ணு."

அப்புறம்தான் வீசினார். எவ்வளவு அழகான வீச்சு! ஆடாமல், சாயாமல், நேரே போய்ச் சங்கிலியின் நடுவில் பட்டுக் கூடையில் உட்கார்ந்தது. கோடை முழுக்க யாரும் அப்படி ஒன்று போடவில்லை. கணக்கு ஐந்து. சிர்க்கு நான்கு. அவள் கை கொடுக்க வந்தபோது அவள் கண்ணில்தான் தண்ணீர் நின்றது.

தைஸ்தோ கூடைக்குப் போய்த் தட்டை எடுத்துத் திருப்பினார். பட்டையைப் படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. வீட்டுக்குப் போய் வண்டியை நிறுத்தியதும், பன் பிசைந்துகொண்டிருந்த மர்யானாவிடம் முதலில் அதைத்தான் சொன்னார்.

"இனிமே குழப்பமே இல்ல. கண்டுபிடிச்சாச்சு. எனக்கு நூத்தி எழுபத்திரண்டு புள்ளி நாலு."

மர்யானா மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தொலைபேசியில் வந்திருந்தது.

"சட்டை போச்சே, தைஸ்தோ."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று மர்யானா இன்றைக்கும் சொல்கிறாள். பிறகு எழுந்துபோய், நூற்று எழுபத்திரண்டில் இன்னும் நான்கு தட்டு அனுப்பச் சொல்லிக் கடைக்கு எழுதினார். தெரிந்துவிட்டதோடு உட்கார்ந்திருப்பதைவிட அது சுலபம்.

சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் உங்களைக் கேட்கிறேன், எவரிடமோ ஒரு வார்த்தை பேசி முடிக்க வேண்டியதை, காலையில் சொல்லலாமா சாயங்காலம் சொல்லலாமா, நேரில் சொல்லலாமா எழுதிக் கொடுக்கலாமா, அம்மா என்று ஆரம்பிக்கலாமா அல்லது எடுத்தவுடன் விஷயத்துக்கு வரலாமா என்று எத்தனை மாதமாகக் கையில் ஏந்தி நிறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? சரியான வார்த்தை ஒருநாள் அகப்படத்தான் போகிறது. நன்றாகவே சொல்லவும் போகிறீர்கள். உங்கள் பக்கத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்று தைரியமாக இருக்கிறீர்களாக்கும்? நிற்கிறார். அதிகம் பேசாத மனிதர், அவ்வளவுதான்.