பதினான்கு பெட்டிகளைக் கழற்றுவது சம்பந்தமாக

அல்சூர், பெங்களூர்
12.9.2003, வெள்ளிக்கிழமை

மாப்பிள்ளை கவியரசன் அவர்களுக்கு மாமனார் ஸ்ரீகண்டன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். வீடு சௌக்கியமில்லை. உங்கள் சௌக்கியத்தையும் சுப்ரியாவின் சௌக்கியத்தையும் எழுதவும். இதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கம்ப்யூட்டர் வீட்டை நடத்துவதில் மும்முரமாக இருப்பதால் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிறு தொலைபேசியில் என்னிடம் ஒரு முடிவு கேட்டீர்கள். ஜனவரியில் அமெரிக்கா கிளம்புமுன், விளக்கும் மோட்டாரும் நேரத்துக்குத் தானாக இயங்கட்டும் என்று நீங்கள் வீடு முழுக்க மாட்டிவிட்டுப் போன பதினான்கு பெட்டிகளையும் கழற்றிவிட்டுப் பழையபடி சுவிட்சுக்கே போவதா, அல்லது நண்பர் மூலம் நீங்கள் கொடுத்தனுப்பிய புதுப் பெட்டியைப் பூட்டுவதா? எலெக்ட்ரீசியன் கோவிந்தப்பா வருகிற ஞாயிறு வருகிறார். அதற்குள் இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும் என்றீர்கள். பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் நான். காரணம் எழுதாமல் முடிவு எழுதிப் பழக்கமில்லை. ஆகவே காரணங்கள் முதலில்.

உங்கள் தலைதீபாவளிக்கு நான் மோதிரம் போட்டேன். பதிலுக்கு நீங்கள் மாமனார் வீட்டுக்குப் பெட்டி போட்டீர்கள். மாப்பிள்ளை ஆசையாகச் செய்ததைக் குறை சொல்வது முறையல்ல என்பதால் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. காலை ஏழரைக்கு மோட்டார் தானாக ஓடும் என்று வைத்துவிட்டுப் போனீர்கள், நன்றாகத்தான் ஓடியது, ஆனால் திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கிறது, இது உங்கள் கவனத்துக்கு வரவில்லை போலிருக்கிறது, அதனால் கோவிந்தப்பாவை வைத்துத் திங்கட்கிழமை மட்டும் ஆறு மணி என்று ஒரு சிறு திருத்தம் செய்தேன். திங்கட்கிழமைதான் எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் முறை. அது தொட்டிக்கு வருவது ஏழு மணிக்கு. ஆகவே ஆறு மணிக்கு எழுந்த மோட்டார், காலித் தொட்டியில் ஒரு மணி நேரம் காற்றை இறைத்து, உள்ளே கம்பிச்சுருள் கருகிப் போயிற்று. கோவிந்தப்பா வந்து மோந்து பார்த்துவிட்டு, "மெஷின் மேல தப்பே இல்ல சார். நீங்க ஸ்வல்ப சும்மா இருங்க" என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாவது, மின்சாரம். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உங்கள் பெட்டிகள் அதை நள்ளிரவு பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. ஜூன் மாதம் ஒருநாள் கரண்ட் காலை ஒன்பதுக்கு வந்தது. வீட்டுக்கு அது நடுராத்திரி. மதியம் இரண்டரைக்கு, சாப்பிட்டுக் கண்ணை மூடியிருந்தபோது, வீட்டுக்குக் காலை ஐந்தரை ஆகி, கீசர் கொதித்து, பக்திப் பாட்டுக் கேசட் முழங்கி, "அப்பா, எழுந்திருங்க, விடிஞ்சிருச்சு" என்று பெட்டியில் பதிந்த குரலில் சுப்ரியா கூப்பிட்டாள். நானும் எழுந்து பல் தேய்த்துவிட்டேன். பேப்பர் வரவில்லையே என்று வாசலுக்குப் போய் நின்ற பிறகுதான் எதிர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதைப் பார்த்தேன்.

மூன்றாவது, மாடியில் குடியிருக்கும் டோரீன். பெட்டிகள் மின்சாரக் கம்பி வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று விளக்கினீர்கள். டோரீனின் மிக்ஸியும் அதே கம்பியில்தான் இருக்கிறது. அது என்ன பேசுகிறதோ, அவர் மிக்ஸியைப் போட்டால் எங்கள் வாசல் விளக்கு எரிகிறது, நிறுத்தினால் ஃபேன் நிற்கிறது. போய்ச் சொன்னேன். "நான் சட்னி அரைச்சா உங்களுக்கு லைட்டா அங்கிள்? என்ன மேன் இது! கிறிஸ்மஸுக்கு கேக் மாவு அடிக்கணுமே, அப்ப என்ன ஆவும்?" என்றார். என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை. அவர் வீட்டில் என்றைக்கு இட்லி, என்றைக்கு பிரெட் என்பது மட்டும் இப்போது தெருவுக்கே தெரியும்.

நான்காவது, உங்கள் மாமியார். பெட்டிகளுக்காகச் சுப்ரியா குரல் பதிவு செய்தது கிளம்புவதற்கு முந்தின நாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல ஜலதோஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு "அம்மா, விளக்கேத்து" என்று சொல்லி ஒரு மூக்குறிஞ்சல், அதுவும் பதிவாகிவிட்டது. எட்டு மாதமாகத் தினமும் உறிஞ்சுகிறாள். உங்கள் மாமியாரும் தினமும் "இதோ ஏத்துறேன்டி. நீ மொதல்ல கஷாயம் வச்சுக் குடி" என்று சுவரில் இருக்கும் பெட்டிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தீப்பெட்டியை எடுக்கிறாள். ஞாயிறு போனிலும் முதல் கேள்வி, "சளி போச்சா?" என்பதுதான். அது எப்போதோ போய்விட்டது, இது பதிவு, பதிவுக்குச் சளி போகாது என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். கேட்டுக்கொள்கிறாள். ஆறு மணியானால் மறுபடி கஷாயம். படித்த பெண்மணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், இப்படிப் பெட்டியோடு பேசினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

புதுப் பெட்டியையும் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இங்கிலீஷில் பேசுகிறாள். குரல் தெளிவு, ஜலதோஷம் கிடையாது. ஆனாலும் இந்த வயதில் இன்னொரு அம்மாள் சொல்லி நாங்கள் எழுந்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆகவே முடிவு: பழையது, புதியது இரண்டும் வேண்டாம். பதினான்கையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டுக்கொள்கிறோம், கை இருக்கிறது. உங்கள் மாமியாரையும் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தைக்கு ஒருமுறைகூடச் சம்மதம் என்று அர்த்தம் இருந்ததில்லை. இருந்தாலும் இந்தத் தடவை அப்படியே எடுத்துக்கொண்டேன். மனத்தில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்தீர்கள், அது எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் இருவரும் சகல பாக்கியங்களோடும், ஒழுங்காகக் கரண்ட் வருகிற வீட்டிலும் நீடூழி வாழ வேண்டும். உங்கள் மாமியார் சுப்ரியாவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள், வெந்நீரில்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
ஸ்ரீகண்டன்

பின்குறிப்பு (ஞாயிறு, இரவு எட்டு மணி): தபால் தலை இல்லாததால் கடிதம் மேஜையிலேயே தங்கிவிட்டது. நல்லதாயிற்று. நாலரைக்கு ராகுகாலம் என்பதால் கோவிந்தப்பாவை மூன்று மணிக்கே வரச் சொல்லி, ஐந்தரைக்குள் பதினான்கையும் கழற்றிச் சாக்கில் போட்டாயிற்று. ஆறு மணி ஆயிற்று. உங்கள் மாமியார் பூஜை அறையில் தீப்பெட்டியோடு நின்றாள். ஆறு ஐந்து. ஆறு பத்து. "ஏன் நிக்கிற? ஏத்து" என்றேன். "அவ இன்னும் சொல்லலையே" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி, தெருமுனையில் கிளம்பாத ஸ்கூட்டரை இன்னும் உதைத்துக்கொண்டிருந்த கோவிந்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மற்றதெல்லாம் நாளைக்கு என்று, சுப்ரியா பேசும் அந்த ஒரு பெட்டியை மட்டும் முதலில் மாட்டினார். அவசரத்தில் அதன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார். அதனால் சுப்ரியா ஏழு மணிக்குத்தான் கூப்பிட்டாள், மூக்குறிஞ்சலோடு. உங்கள் மாமியார் அப்புறம்தான் விளக்கேற்றினாள். அதுவரை இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. புதுப் பெட்டியை டோரீனிடம் கொடுத்துவிட்டேன், அதன் மேல் மிக்ஸியை வைத்திருக்கிறார். கடிகாரத்தைச் சரி செய்ய ஆள் அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டில் இனிமேல் ஏழு மணிக்குத்தான் ஆறு மணி.