எங்கள் மகன் மிகவும் நல்லவன்

"யாரும் எங்கள விரட்டலம்மா. நாங்களாத்தான் வந்திருக்கோம்" என்று ஹரிராம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"எந்தப் பெத்தவுக வாயவிட்டுச் சொல்லியிருக்காக?" என்று அந்த ஊர் மாயக்காள் மூக்கைச் சிந்திவிட்டு, கம்மங்கூழ் தூக்குச்சட்டியை வேனுக்குள் வைத்தாள். "குடிங்கண்ணே. வைராக்கியம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக வெறும் வயித்தோடயா?"

வைராக்கியம் இருந்தது உண்மை. மதுரை மகால் பக்கம் முப்பத்தைந்து வருஷம் சாயப்பவுடர் கடை நடத்திய ஹரிராம், அறுபத்திரண்டு வயதில் கடையை மூடிய பிறகு கோயில் குளம் என்று போகாமல், செல்போனில் ஆஸ்திரேலியா வீடியோ பார்த்துக் கெட்டுப்போனார். வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி இருவர் வேனையே வீடாக்கிக்கொண்டு செம்மண் பொட்டலில் ஊர் ஊராகப் போகிறார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு ஈ காக்கை கிடையாது. பொட்டல்தானே, திருமங்கலம் தாண்டினால் நமக்கே வேண்டிய மட்டும் இருக்கிறதே என்று தோன்றிவிட்டது அவருக்கு. பழைய வேன் ஒன்றை வாங்கி, காளவாசலில் ராம்கி பட்டறையில் விட்டு, கட்டில், தண்ணீர்த் தொட்டி, இரட்டை அடுப்பு, மிக்சி, பதினாறு டப்பா வைக்கிற அலமாரி எல்லாம் பொருத்தினார்.

"பாத்தியா லலிதா, உன் அடுப்படியே உன் கூட வருது!" என்று கதவைத் திறந்து காட்டியபோது மனைவி லலிதாம்பாள் அந்த இரட்டை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

தெருவே சிரித்தது. "மூணு மாடி வீட்ட வச்சுக்கிட்டு ரோட்டுல படுக்கப் போறீங்களா? ரெண்டு நாள் தாங்க மாட்டீங்க" என்றார் எதிர்வீட்டு கார்த்திகேஷ்.

"பத்து நாள்! நம்ம வண்டி, நம்ம சமையல். ஒரு நாள் முன்னாடி வாசல மிதிச்சாலும் மீசைய எடுத்துருறேன்" என்று ஹரிராம் சபதம் போட்டார்.

நம்ம சமையலில் அவர் பங்கு உப்புப் பார்ப்பது. பத்து நாளுக்கும் வேளாவேளைக்கு என்ன பலகாரம் என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியும் வைத்தார்.

ஆனால் ஆஸ்திரேலியாக் கணக்கு இங்கே உதைத்தது. ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தினாலே "யாரப் பாக்கணும்?" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். முதல் ஊரில் கண்மாய்க் கரையில் நிறுத்தியதும் லலிதாம்பாள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அவள் திரும்பி வரும்போது பின்னாலேயே மாயக்காளும் ஏழெட்டுப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். வயசான ரெண்டு பேர் வேனில் குடியிருந்தால் ஊர் வேறென்ன நினைக்கும் என்று ஹரிராமுக்குப் புரிந்தது. புரிந்ததும் எரிந்தது.

"கூழத் திருப்பிக் குடுத்துரு லலிதா" என்று வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் கிசுகிசுத்தார்.

"கேட்டீகளாடி? நமக்குத் தெரியக் கூடாதுன்னு தனிப் பாஷையில சொல்லி அழுகுறாக!" என்று மாயக்காளின் குரல் உடைந்தது. அடுத்த வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பும் வந்து சேர்ந்தது.

"கொடுக்கிறத வேணாம்னா அவங்க மனசு கஷ்டப்படும்ங்க" என்று லலிதாம்பாள் இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டாள்.

இரண்டாவது ஊரில் ஹரிராம் முந்திக்கொண்டார். கூட்டம் கூடியதுமே செல்போனை எடுத்து வீட்டுப் படத்தைக் காட்டினார். "இந்தா, மூணு மாடி. என் பேருலதான் இருக்கு."

ஒரு பெரியவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "பாவம், போட்டோவையாவது வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு."

அன்று நாட்டுக்கோழி.

மூன்றாவது ஊருக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வண்டியை நிறுத்தி, பின்பக்கக் கண்ணாடி முழுக்கக் கொட்டை எழுத்தில் ஒட்டினார்: 'இது இன்பச் சுற்றுலா. எங்கள் மகன் மிகவும் நல்லவன்.'

அந்த ஊர் டீக்கடைக்காரர் ஜெயபாண்டி கண்ணாடியை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுக் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"ஏண்ணே, என் மகனும் நல்லவன்தான். நான் எங்கயாச்சும் எழுதி ஒட்டியிருக்கேனா?"

ஹரிராமுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எந்தத் தகப்பனுக்கு இது பொறுக்கும்? "இருங்க, அவனே சொல்லுவான்" என்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் சாய்பிரசாத்துக்குப் போன் போட்டு, ஊர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன், சும்மா சும்மா கூப்பிடாதீங்க!" என்றது போன். வைத்தும் விட்டது.

பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். ஜெயபாண்டி இதையெல்லாம் வீடியோ எடுத்து, சோகப் பாட்டுச் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அன்று ராத்திரிக்குள் அது எட்டு மாவட்டம் சுற்றிவிட்டது.

ஐந்தாம் நாள் நான்காவது ஊர். அடுப்புக்கு மேலே ஒட்டிய தாளில் இருந்த ரவா கிச்சடி இன்னும் தாளிலேயே இருந்தது. வேப்பமரத்தடியில் அந்த ஊர் மலையம்மாள் வாழை இலை விரித்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. வழியெல்லாம் விசாரித்து வந்த சாய்பிரசாத் இறங்கினான்.

"இவன்தான்டா அந்த நல்லவன்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்பா, ஆபீஸ்ல ஒருத்தன்கூட என் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறான். வாட்ச்மேன் வணக்கம் சொல்லல. வண்டிய எடுங்க, வீட்டுக்குப் போவோம்."

"வர மாட்டேன்." ஹரிராம் மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னும் அஞ்சு நாள் இருக்கு. நீ வந்து கால்ல விழுந்தாலும் சரி, நாடே பாத்து அழுதாலும் சரி, பத்தாம் நாள்தான் இந்த வண்டி மதுரைக்குத் திரும்பும். எவன் வேணா என்ன வேணா சொல்லிக்கட்டும்டா!"

"சபாஷ்ணே!" என்று ஊர் கைதட்டியது. "அப்பேர்ப்பட்ட வீட்டு வாசல மிதிக்காதீக! சாகுற மட்டும் நாங்க சோறு போடுறோம்!"

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று சாய்பிரசாத் கெஞ்சினான்.

லலிதாம்பாள் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா பேச்ச என்னைக்குப்பா நான் தட்டியிருக்கேன்?" என்றாள்.

சாய்பிரசாத் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். கண் சிவந்துவிட்டது. "யாருய்யா சொன்னது, நான் விரட்டினேன்னு? யார் கண்டது? ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லுங்க பாப்போம்!"

மலையம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குப்பா இம்புட்டுச் சத்தம்? உங்க ஆத்தாதான் நேத்தே மாயக்கா கிட்ட நம்பர் வாங்கி எனக்குப் போனு போட்டுருச்சே, 'எங்கள மகன் விரட்டிட்டான், நாளைக்கு உங்க ஊருக்கு வாரோம், மதியத்துக்கு ரெண்டு பேருக்கு ஆட்டுக்கறி, காரம் மட்டும் கம்மியா'ன்னு!"