மெஷின் இல்லை, என் கை

கைவேலை மாத இதழின் ஆசிரியர் அம்மா அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், என்னைத் தள்ளிவிட்ட மூன்று நடுவர்களும்கூட, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முக்கியமாக நடுவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும்.

வாசகர் போட்டிக்கு நான் அனுப்பியது ஒரு கைக்குட்டை. அதன் நான்கு பக்கமும், நூல் சுற்றிய குச்சிகளால் கையிலேயே பின்னும் பாபின் லேஸ் கரை, விரித்த விசிறி போன்ற வடிவம் பக்கத்துக்குப் பத்தாக நாற்பது விசிறி. தாங்கள் அனுப்பிய பதில் நான்கே வரி. பின்னல் அளவுக்கு மீறிச் சீராக இருக்கிறதாம், மனிதக் கை செய்ததாகத் தெரியவில்லையாம், மெஷின் வேலை என்று கருதிக் கண்காட்சியில் வைக்க முடியாதாம். மன்னிக்க வேண்டும், இதை நான் ஏற்கவில்லை. அந்தக் கரை தங்கள் கண்காட்சிச் சுவரில் தொங்கியே ஆக வேண்டும்.

பூசி மெழுகாமல் சொல்கிறேன், இதற்கெல்லாம் காரணமே தங்கள் இதழ்தான். என் மனைவி தங்கள் சந்தாதாரர். 'வீட்டிலேயே பாபின் லேஸ்' என்று தாங்கள் போட்ட கட்டுரையை அவள் படிக்காமல் புரட்டிவிட்டாள், நான் படித்தேன். ஒரு திண்டு, துளையிட்ட அட்டை, கொஞ்சம் குண்டூசி, நூல் சுற்றிய குச்சிகள், இவ்வளவு போதும் என்று எழுதியிருந்தீர்கள். திண்டு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள். நான் முதலில் மனைவியின் தலையணையில் குத்தினேன், ஊசியெல்லாம் தலையோடு உள்ளே போய்விட்டது, அன்றிரவு அவள் எங்கே படுத்தாள் என்பது குடும்ப விஷயம். பிறகு வைக்கோலை வாங்கிப் பையில் அடைத்து மரச் சுத்தியால் அடித்து இறுக்கினேன், அது எவ்வளவு கெட்டியாகிவிட்டதென்றால் ஊசி உள்ளே போகாமல் வளைந்துவிட்டது, பாதியை உருவி எடுத்து மறுபடி தைத்தேன். குச்சிக்கு எதிர்வீட்டுப் பெயின்டரிடம் பழைய பிரஷ் கேட்டேன், மனிதர் தங்கமானவர், ஒரு கட்டே கொடுத்தார், அத்தனை பிடிகளையும் அறுத்து, கழுத்து கடைந்து, உப்புத்தாள் போட்டு முடித்த பிறகுதான் அதில் பதினாறு புது பிரஷ் என்று தெரிந்தது, அவர் இப்போது என்னைப் பார்த்தால் ஏணியில் இன்னும் இரண்டு படி மேலே ஏறிவிடுகிறார். உருண்டைக் குச்சி திண்டில் நிற்காமல் உருளும், அடியில் மணி கோத்தால்தான் கனமாக நிற்கும் என்பதை அடுத்த மாத இதழில் போட்டீர்கள். வீட்டில் மணி என்று இருந்தது மனைவியின் கழுத்து மாலை ஒன்றுதான். அது இப்போது குச்சிகளின் அடியில் இருக்கிறது.

முதல் கரையைச் சாதாரண ஊசியில் போட்டேன். மழை நாள், ஊசி துருப்பிடித்து, வெள்ளை நூலில் துளைக்கொரு பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது, கத்தரித்து எறிந்தேன். பித்தளை ஊசி வாங்கி இரண்டாவது கரையைத் தொடங்கினேன். மின்விசிறி பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மேசை மேல் ஏற வேண்டுமென்று திண்டைத் தூக்கி நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டார். இருபத்து நான்கு ஜோடி, நாற்பத்தெட்டு குச்சி, எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அவர் ஆறுதலாக, "ஒரு கத்திரிக்கோல் இருந்தா குடுங்க சார், ரெண்டு நிமிஷத்துல சிக்கெடுத்துடலாம்" என்றார். அந்தச் சிக்கை எடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. இதையெல்லாம் எந்த மெஷின் தாங்கும் என்று நடுவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் யார் என்று இன்னும் சொல்லவில்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டினேன். நாற்பது டன் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய், கீழே நிற்கும் லாரியின் நான்கு மூலைப் பூட்டிலும் ஒரே சமயத்தில் உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள், கரணம் தப்பினால் மரணம். என் கையால் ஒருவருக்கு ஒரு நகம் பெயர்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் கையை யாரும் எதற்கும் கேட்கவில்லை. சாயங்காலம் மடியில் கிடக்கும் இரண்டு கைகளையும் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். லேஸில் மொத்தம் இரண்டே அசைவு, நடு நூல் இரண்டையும் இடது மேலாக மாற்று, பிறகு ஒவ்வொரு ஜோடியையும் வலது மேலாக முறுக்கு, அவ்வளவுதான். கிரேனிலும் இரண்டே நெம்புகோல்தான். சீராக வருகிறதென்றால் அது என் முப்பத்தொரு வருடம், அதைப் போய் மெஷின் என்று எழுதிவிட்டீர்களே, எனக்கு வயிறு எரிகிறது அம்மா.

சாட்சி வேண்டுமென்றால் மனைவியைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரே மேசை, அதில் திண்டு இருந்தது. தங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எட்டு மாசமா அடுப்பு மேடையில தட்ட வச்சு நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கேன். மெஷின்ல செஞ்சா நான் எதுக்குங்க நிக்கணும்?"

தங்கள் உதவி ஆசிரியர் நேற்று தொலைபேசியில் அழைத்தார். நல்ல பிள்ளை. "எங்கயாவது ஒரே ஒரு தப்பு இருக்குன்னு காட்டுங்க ஐயா, கையால செஞ்சதுதான்னு நடுவர்கள் ஒத்துக்குவாங்க, மாட்டிடலாம்" என்றார். அவருக்குச் சொன்னதையே தங்களுக்கும் சொல்கிறேன். தப்பு இல்லை. நாற்பது விசிறியில் ஒரு முறுக்கு கூடவோ குறையவோ இல்லை. இல்லாத தப்பைக் காட்டி இடம் பிடிக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். தப்புள்ள வேலைக்குத்தான் தங்கள் சுவரில் இடம் என்றால் ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் கைக்குட்டையை மாட்டுங்கள், நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி. மூன்று நடுவர்களும் பூதக்கண்ணாடியோடு வந்து நிற்கட்டும். நான் பின்வாங்க மாட்டேன்.

தங்கள் இதழ் செழிக்கட்டும், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரரின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், ஆதாரமாக ஒரு புகைப்படம் வைக்கலாமென்று போட்டிக்கு அனுப்பும் முன் செல்போனில் எடுத்து வைத்திருந்த கரையின் படத்தை மனைவி பெரிதாக்கினாள். மூன்றாவது பக்கம், ஏழாவது விசிறி, இடது ஓரம். ஒரு ஜோடி முறுக்கப்படவே இல்லை. நான் நான்கு முறை பார்த்துவிட்டேன். திண்டிலிருந்து கத்தரித்த லேஸைப் பிரித்துத் திருத்தவும் முடியாது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஆகையால், அம்மா, தயவுசெய்து மாட்டாதீர்கள். யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக அந்த உதவி ஆசிரியரிடம். உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். நடுவர்கள் சொன்னதே சரி, அது மெஷினில் செய்ததுதான்.