துபாஷி வீட்டு அலமாரி

அலமாரியின் மூன்றாம் தட்டில் கோப்பு இல்லை. கோப்பு இருந்த இடம் மட்டும் இருந்தது. சுற்றிலும் தூசி படிந்திருக்க, நடுவில் ஒரு நீள்சதுரம் பளிச்சென்று கிடந்தது. பரந்தாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை.

திங்கட்கிழமை, காலை மணி பத்துதான். ஆயினும் அந்த அறையில் எந்நேரமும் அந்திப்பொழுது. ஜப்பான் விமானங்களுக்கு அஞ்சி ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. பிரிக்கச் சொல்லி உத்தரவு வராததால் எவரும் பிரிக்கவில்லை. பூந்தமல்லியில் அந்த வீட்டை ஒட்டிய சாலையில் ஆவடி முகாமுக்குப் போகும் ராணுவ லாரிகள் உறுமும்போதெல்லாம் அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்து, வேண்டாமென்று திரும்பிவிட்டதைப் போல மெல்ல மூடிக்கொண்டது.

"என்ன பரந்தாமன், பழசு அகப்பட்டுதா?"

வாசலில் ராவ்பகதூர் ராஜசேகரன் நின்றார். டில்லி சட்டசபை அங்கத்தினர். ஐந்து வருஷங்களாகப் பரந்தாமன் பேச்சு எழுதிக் கொடுப்பது அவருக்குத்தான். டில்லிக்கு இங்கிலீஷில் ஒன்று, ஊர்க் கூட்டங்களுக்குத் தமிழில் ஒன்று. ராவ்பகதூருக்குப் பக்கத்தில், பட்டணத்திலிருந்து வந்திருந்த கட்சிக் காரியதரிசி கங்காதரன் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தேடிக்கொண்டிருக்கிறேன், ஐயா" என்றார் பரந்தாமன்.

"தேடறதாவது!" என்றார் கங்காதரன். "அது வெடிகுண்டு ஓய்! வெள்ளிக்கிழமை காலையில நான் மறுபடி வருவேன். என் கண்ணெதிர்ல அதைக் கொளுத்தணும். எதிரி கையில அகப்பட்டுதுன்னு கேள்விப்பட்டேனோ, நீர்தான் அந்தப் பக்கத்து ஒற்றன்னு சர்க்காருக்கு எழுதிப்போட்டுடுவேன். யுத்த காலம். விசாரணைகூடக் கிடையாது. நேரா வேலூர் ஜெயில்தான்."

ராவ்பகதூர் கூரையிலிருந்த பல்லியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆவன செய்கிறேன், ஐயா" என்றார் பரந்தாமன். காணோம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர்களிடம் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

விஷயம் இதுதான். முப்பத்தொன்பதாம் வருஷம் யுத்தம் மூண்டபோது யுத்த வரியை ராவ்பகதூரின் கட்சி ஆவேசமாக எதிர்த்தது. "பட்டினி கிடப்பவனின் வயிற்றிலா துப்பாக்கி வார்ப்பது?" என்று ராவ்பகதூர் முழங்கினார். எழுதியவர் பரந்தாமன். காணாமல் போன கோப்பு அந்தப் பேச்சுதான். சென்ற மாதம் அக்கட்சியின் பெரியவர் ஒருவருக்கு வைஸ்ராய் சபையில் ஆசனம் கிடைத்தது. மறுநாள் காலையிலேயே யுத்த வரி புனிதமான கடமையாகிவிட்டது. அந்த ஆசனத்தை நம்பி மூன்று வருஷமாக வரியைப் புகழ்ந்து பாடிய எதிர்க்கட்சிக்கோ, அதே காலையில் ஏழைகளின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. அக்கட்சியின் அங்கத்தினர் வீரராகவன் அம்பத்தூர்வாசி. ராவ்பகதூரும் அவரும் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று ஊரே சொல்லும்.

செவ்வாய்க்கிழமை பொழுது விடியும்போதே பரந்தாமனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கங்காதரன் பார்க்க வேண்டியது காகிதம் எரிவதைத்தானே? தமது பேச்சு தமக்கு மனப்பாடம். மறுபடியும் எழுதி, அதைக் கொளுத்திக் காட்டிவிட்டால் போயிற்று.

அப்போதே உட்கார்ந்தவர் உச்சிவேளைக்குள் இருபது பக்கம் எழுதி முடித்தார். எழுதி முடித்த கை, ஐந்து வருஷப் பழக்கத்தில், தன்னையறியாமல் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டது. 'இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.' அதை அவர் கவனிக்கவில்லை. காகிதங்களை மூன்றாம் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

தாழ்வாரத்தில் முத்தம்மாள் கூடையோடு எதிர்ப்பட்டாள். ராவ்பகதூரின் கறவை மாடுகளுக்கு அம்பத்தூர் மில்லிலிருந்து காலையில் தவிடு கொண்டுவந்து, தொழுவ வேலை முடித்து மதியம் திரும்புகிறவள்.

"இன்னா நைனா, மொகம் வெளுத்துக் கீது? சோறு துன்னியா?"

"ஆயிற்று அம்மா, போய்க்கொண்டே இருக்கிறேன்."

திரும்பி வந்தபோது தட்டு காலி. காகிதம் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் சிறிது பொடி. தொட்டுப் பார்த்தார். எலும்பு மட்கினால் இப்படித்தான் ஆகும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வர, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இப்போது வெளியே திரிவது ஒரு வெடிகுண்டு அன்று. இரண்டு.

புதன்கிழமை, வாயிற்காவலன் லோகநாதனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"இந்த அறைக்கு மதிய நேரத்தில் யாரேனும் வருவதுண்டா?"

லோகநாதன் பீடியை அணைத்தான். "பாத்துட்டியா அண்ணாத்தே?"

"எதை?"

"இந்த ஊடு யாருதுன்னு தெரியுமா? ஒரு துபாஷியோடது. வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் நடுவுல நின்னு பேசிக் குடுத்தவரு. இவங்களாண்ட ஒரு பேச்சு, அவங்களாண்ட ஒரு பேச்சு. ரெண்டு பக்கமும் பேசிப் பேசியே நாக்கு பொளந்து செத்தாருன்னு சொல்வாங்க. செத்தும் பேச்சு அடங்கல. உச்சி வேளையில அந்த ரூமாண்ட நான் போவமாட்டேன்பா."

"அவருக்குப் பேச்சின்மேல் இன்னும் விருப்பம் உண்டோ?"

"இன்னா அப்டி கேக்கறே? பேச்சுதானே அவருக்குச் சோறு!"

வியாழக்கிழமை காலை லோகநாதனே ஓடி வந்தான். முந்தின நாள் மாலை அம்பத்தூரில் வீரராகவன் பேசிய கூட்டத்திற்கு அவன் போயிருந்தான்.

"இன்னா பேச்சு அண்ணாத்தே! 'பட்டினி கெடக்கறவன் வயித்துலயா துப்பாக்கி வார்க்கறது?'ன்னு கேட்டாரு பாரு, சனம் அப்டியே அயுதுட்சி!"

பரந்தாமன் அறைக்கதவைச் சாத்தினார். "அப்புறம்?"

"சர்க்காரை நார்நாராக் கியிச்சாரு. கடைசீல கைய கூப்பிக்கினு, 'இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்'னு சொல்லி உக்காந்துட்டாரு. இன்னா பணிவுன்னு அல்லாரும் கை தட்னாங்க."

சந்தேகத்திற்கு இனி இடமில்லை. செவ்வாய்க்கிழமை எழுதிய பேச்சு, ஒரு சாட்சியும் இல்லாமல், மறுநாள் எதிரியின் வாயில் புகுந்துவிட்டது. மனிதர்களால் ஆகிற காரியமா இது? துபாஷி ஒரு பக்கத்துப் பேச்சை மறுபக்கம் கொண்டு சேர்த்துவிட்டார்.

மந்திரவாதியை அழைக்கலாம். ஆனால் ஓர் ஆவியை அடித்து விரட்டச் சொல்வது மரியாதையாகுமா? பரந்தாமன் தமக்குத் தெரிந்த ஒரே வழியை மேற்கொண்டார். மனு எழுதினார்.

'ஐயா, நாம் இருவரும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஆயினும் பேச்சு ஒன்றே நம்மைப் பிணைத்துள்ளது. தங்கள் வசம் வந்துள்ள என் பேச்சைத் திருப்பித் தந்தருளினால் என் ஆத்மா சாந்தியடையும். இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.'

பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தால் கூப்பிடுவார்களாம்.

உச்சிவேளையில் மனு மறைந்தது. வெள்ளிக்கிழமை காலை, அதே தட்டில், ஒரு கனத்த கோப்பு இருந்தது. மேலட்டையில் பெயர் இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு சிறு கடிதம். கையெழுத்து நடுங்கி நடுங்கி ஓடியிருந்தது.

'மகா கனம் பொருந்திய தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் உயிரோடிருந்த காலத்தில் அடியேன் தங்களுக்கு யாதொரு தீங்கும் செய்தவனல்லேன். தாங்கள் கேட்ட பேச்சை எஜமானர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதற்கு ஈடாக அவர் தந்தது இத்துடன் உள்ளது. அருள்கூர்ந்து இனி எழுத வேண்டாம். என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி.'

தாங்கள் உயிரோடிருந்த காலத்தில்! பரந்தாமன் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். ஓடுவதுபோலத்தான் இருந்தது. ஆனால் அந்த இருட்டில் எதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எஜமானர் என்றது யமதர்மராஜாவைத்தான் என்பதில் மட்டும் ஐயமில்லை. ஆவியின் மனைவி எவ்வாறு பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கக்கூடும் என்பதை அவர் நாகரிகம் கருதி யோசிக்கவில்லை.

கோப்பைத் திறந்தார். யுத்த வரியைப் போற்றி, இங்கிலீஷிலும் தமிழிலுமாக நாற்பது பக்கம். 'வரி கொடுப்பவனே வீரன். வாய் பேசுகிறவன் அல்லன்.' ராவ்பகதூர் டில்லியில் பேச வேண்டியது அச்சாக இதுவேதான். எங்கோ கேட்டதுபோலவும் இருந்தது. அதற்குள் கைத்தடி தரையில் தட்டும் ஓசை நெருங்கியது.

"எங்கே ஓய் பழசு?" என்றார் கங்காதரன். "அம்பத்தூர்ல அந்த ஆள் நம்ம பேச்சை வரிக்கு வரி பேசினானாமே!"

பரந்தாமன் கோப்பைத் தட்டில் வைத்தார். பின்னால் வந்த ராவ்பகதூர்தான் பதில் சொன்னார்.

"பேசட்டுமே. நாம அன்னிக்குச் சொன்னது சரின்னு எதிரியே ஒத்துக்கிட்டான்."

"அப்போ இன்னிக்கு நாம சொல்லப்போறது?"

"அதுவும் சரிதான். சட்டசபையில எந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்கறதைப் பொறுத்து." ராவ்பகதூர் மூன்றாம் தட்டிலிருந்த பொடியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். "பாருங்க, எரிச்ச சாம்பல்கூட இன்னும் இருக்கு. பரந்தாமன் கெட்டிக்காரர்." பிறகு கோப்பைப் புரட்டி, "புதுப் பேச்சா? பேஷ், பேஷ்!" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். டில்லி ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஜெயில் விலகிற்று. ஆனால் பரந்தாமனின் நடுக்கம் விலகவில்லை. எஜமானர் ஆவியை ஏவுகிறார். சாம்பலல்லாத பொடியை ராவ்பகதூர் சாம்பல் என்கிறார். தமக்கோ உயிர் இருக்கிறதா என்பதே விளங்கவில்லை. இந்த வீட்டில் இனி ஒரு நாளும் தங்குவதற்கில்லை. ராஜிநாமாக் கடிதம் எழுதி, டில்லியிலிருந்து திரும்பியதும் ராவ்பகதூர் பார்க்கட்டுமென்று மூன்றாம் தட்டில் வைத்தார்.

சாலையில் ஒரு லாரி உறுமிற்று. அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. உச்சிவேளை.

அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து, பழுப்புப் பொடி படிந்த ஒரு கை, ஓசையின்றி இருளில் நீண்டு, கடிதத்தைப் பற்றியது.

பரந்தாமன் அலறிவிட்டார். அலறலிலும் மரியாதை குறையவில்லை. "ஐயா! துபாஷி அவர்களே! தயவுசெய்து...!"

"அய்ய, இன்னாத்துக்கு நைனா இப்டி கத்தறே?" கடிதத்தைத் தவிட்டுக் கூடைக்குள் போட்டுக்கொண்டாள் முத்தம்மாள். "கட்சி மாறும்போதெல்லாம் நம்ம ஐயாவும் அம்பத்தூர் ஐயாவும் பழைய பேச்சை மாத்திக்கிறது வயக்கந்தானே, இவரு பழசு அவருக்குப் புதுசு, அவரு பழசு இவருக்குப் புதுசு, மூணாம் தட்டுல கீறதை நான்தான் தூக்கினு போறேன், அந்த ஊட்டு கிளார்க்கு வரதன்தான் பாவம், நேத்துலேர்ந்து குளுர் ஜொரம், பூந்தமல்லியிலேர்ந்து ஒரு பேய் 'கீழ்ப்படிஞ்ச ஊழியன்'னு கையெயுத்துப் போட்டு அவருக்குக் காயிதம் எயுதுதாம்!"